தங்கள் பிலிம்களைத் திருப்பி அனுப்புகிறேன்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முட்டியைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தி அம்மாவும், தங்கள் இரண்டு போட்டோ ஸ்டுடியோக்களும், அவற்றின் விளக்குகள் குடைகள் உள்பட, சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம். தங்கள் மகள், அதாவது என் மருமகள், நேற்றிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். பயப்பட வேண்டாம், காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை. ஜெயித்தவர்கள் அப்படித்தான் படுப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்துச் சுவரில் படம் ஏறிவிட்டது. ஆகவே, தாங்கள் பெரிய மனது பண்ணி அனுப்பிய நெகட்டிவ் பிலிம்களை இத்துடன் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். அவை தேவைப்படவில்லை. நெகட்டிவ் இலாகா முழுவதும் இந்த வீட்டிலேயே, இந்தக் கையாலேயே நடந்து முடிந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பணிவு என்று எழுதும்போது பேனா கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அது மை தீர்ந்ததால் அல்ல.

தாங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. தாங்கள் தங்கள் மகளிடம், பாப்பாவிடம்தான் பேசினீர்கள், ஆனால் அவள் கை முழுக்கப் படத்துக்குப் பூசும் மருந்தாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் மேல் வைத்திருந்தாள். "இந்தச் சுவர்ப் படம் சரியா வரலேன்னா, பாப்பா, நீலம் பூசுறதை எல்லாம் மூட்டை கட்டிட்டு வந்து நம்ம ரெண்டாவது ஸ்டுடியோவைப் பாத்துக்கோ. மாப்பிள்ளைக்கும் இங்கேயே வேலை பாத்துடலாம்" என்றீர்கள். அந்தப் பெண்ணும் ரோஷத்தில் "சரிப்பா, வரலேன்னா வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அது அப்பா மகள் விவகாரம், நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? "நெகட்டிவை நான் பண்ணி அனுப்பறேன். உன் மாமியாரைக் கிட்ட சேர்க்காதே. எக்ஸ்ரே எடுத்தவங்களுக்கு நெகட்டிவ்ல என்ன தெரியும்? எலும்புக்கு முகமா இருக்கு?" என்றீர்களே, அப்போதுதான் நான் புடவையை இடுப்பில் செருகினேன்.

எலும்புக்கு முகம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி இருட்டறையில் நான் பிலிம் கழுவிய நாளெல்லாம், ஒரு டாக்டர்கூட "இது யார் எலும்பு, சரியாகத் தெரியவில்லையே" என்று திருப்பி அனுப்பியதில்லை. தங்கள் ஸ்டுடியோவில் படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் "இது நான்தானா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள் என்பது தங்கள் மனசாட்சிக்குத் தெரியும்.

படம் என்னவென்று சம்பந்தி அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். நூலகத்தில் உயரமான கண்ணாடி ஜன்னல்களைத் துடைக்க ஒரு மனிதர் கயிற்றில் தொங்கிக்கொண்டு வருவார். ஒரு நாள் அவர் துடைக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் யாரோ செய்தித்தாளை அகல விரித்துப் படித்துக்கொண்டிருக்க, இவர் வெளியே தொங்கியபடி, துடைப்பதை விட்டுவிட்டு, கண்ணாடியில் மூக்கு ஒட்ட அதன் மறுபக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நம் பெண் உள்ளே இருந்து அதைப் படம் எடுத்துவிட்டாள். அதைத்தான் சிறுவர் வாசிப்பறைச் சுவரில் நீலப் படமாக, சயனோடைப் என்பார்களே அதுவாக, ஜன்னல் சட்டம்போலத் துண்டு துண்டான தாள்களில் செய்து தரச் சொன்னார் நூலகர் அம்மா. அவள் பெயரைக் கேட்டு, அவளைத் தேடி வந்து கொடுத்த முதல் வேலை அது.

செய்முறை சுலபம். காகிதத்தில் இரண்டு மருந்தைக் கலந்து பூசி, இருட்டில் உலர்த்தி, அதன் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், படாத இடம் தண்ணீரில் அலசியதும் வெள்ளையாக நிற்கும். ஆகவே எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே நெகட்டிவில் கறுப்பு இருக்கவேண்டும். எங்கே நீலம் வேண்டுமோ அங்கே பிலிம் வெறுமனே இருக்கவேண்டும். இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம், செய்ய ஒரு ஜென்மம்.

முதல் தடவை நெகட்டிவ் அடிக்கப் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிரிண்டரில் நான்தான் வைத்தேன். அந்த ஷீட்டுக்கு இரண்டு முகம் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முகம் லேசாகச் சொரசொரக்கும், அதில் மை ஒட்டும். மறுமுகம் வழவழ, அதில் மை குளம்போல நிற்கும், உலரவே உலராது. நான் வழவழப்பைத்தான் நல்ல பக்கம் என்று நினைத்தேன், யாராக இருந்தாலும் நினைப்பார்கள். வெளியே வந்ததை மின்விசிறிக்கு எதிரே நாற்காலி முதுகில் சாத்தி வைத்தேன். தங்கள் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டு போய்விட்டான். லிப்ட் பழுது பார்க்கிறவன் முதுகை யார் பார்ப்பார்கள் என்றால், லிப்டில் இருக்கிற எல்லோரும்தான் பார்ப்பார்கள். வெள்ளைச் சட்டை முதுகில் ஒரு மனிதர் பேய்முகத்தோடு கயிற்றில் தொங்குகிறார், இவன் கையில் லிப்ட் கயிறு. அந்தக் கட்டடத்தில் அன்று எல்லோரும் படியேறித்தான் போனார்களாம். சாயங்காலம் வந்து, "அம்மா, உங்க நெகட்டிவ் நல்லா வந்திருக்கு, என் மேல" என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அந்தச் சட்டையைப் பார்த்த அளவில் கறுப்பு நன்றாகவே விழுந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு சொரசொரப்புப் பக்கத்தில் அடித்தோம். உலர்ந்தது. கறுப்பும் நின்றது. ஆனால் ஒரு சிக்கல். மை இருக்கும் பக்கம் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் மங்கும். அதற்காகப் பிலிமைக் குப்புறப் போட்டால் படம் இடம் வலம் மாறிவிடும், செய்தித்தாளின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்ளும். ஆகவே கம்ப்யூட்டரிலேயே படத்தை முதலில் திருப்பிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். இடது வலது குழப்பமென்றால் அது என் சொந்த ஊர். எங்கள் தொழிலில் இடது காலுக்கு வலது என்று எழுதிவிட்டால் டாக்டர் நல்ல காலை அறுத்துவிடுவார். அதனால் பழக்க தோஷத்தில், எக்ஸ்ரேயில் இடம் வலம் குறிக்க வைக்கும் ஈய எழுத்துகளை என் பழைய பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு தாளின் மூலையிலும் நெகட்டிவ் மேல் வைத்துவிட்டேன். ஈயத்தைத் தாண்டி எக்ஸ்ரே கதிரே போகாது, வெயில் போகுமா? எல்லாத் தாள்களிலும் பளிச்சென்று வெள்ளையில், வலது என்பதற்கான ஆங்கில 'ஆர்' விழுந்துவிட்டது. ஒன்று, மூலையில் முகம் வரும் தாளில், சரியாக அந்த மனிதரின் நெற்றி வரவேண்டிய இடத்தில். "அத்தை, இவருக்கு என்ன கால் முறிஞ்சிருக்கா?" என்று கேட்டாள் தங்கள் மகள். கேலி பண்ணும்போது அப்படியே தங்கள் குரல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். மொட்டை மாடியில் வெயிலில் கண்ணாடியை வைத்ததும் என் வாய் என்னைக் கேட்காமல், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ஆடாதீங்க" என்று சொல்லிவிடும். காகிதத்துக்குத்தான். அது வெயிலில் கிடந்து நீலமாகிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்பதால் நடுவில் "விடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி "இழுங்க" என்பேன். அடுத்த மாடியில் துணி உலர்த்தும் தையல்காரர் அம்மா, யாரோ பிரசவத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வெந்நீரோடு ஓடிவந்தார். வந்தவருக்குக் கண்ணாடியின் ஒரு மூலையைப் பிடிக்கக் கொடுத்தோம்.

இதற்கிடையில் மருந்து சரியாக இருக்கிறதா, வெயில் போதுமா என்று சோதிக்க நல்ல கறுப்புள்ள ஒரு பிலிம் தேவைப்பட்டது. வீட்டிலேயே மிக நல்ல பிலிம் எது? என் இடது முட்டி. நானே நின்று, நானே சொல்லி, ஆஸ்பத்திரியில் என் சீடனை விட்டு எடுக்கவைத்த எக்ஸ்ரே. அதை வைத்து ஒரு தாள் போட்டோம். அடடா, அதைப் பார்க்கவேண்டும் நீங்கள்! ஆனால் எலும்பு நீலமாக வந்தது. சுற்றி வெள்ளை, நடுவில் நீல எலும்பு. எனக்குப் பொறுக்கவில்லை. "எலும்பு வெள்ளைம்மா! எங்க காலத்துலேர்ந்து எலும்பு வெள்ளைதான்" என்றேன். "பிலிம்ல எலும்பு இருக்கிற இடம்தான் அத்தை வெறுமையா இருக்கு, அது வழியா வெயில் போகுது, அதனால நீலம்" என்கிறாள். "வெயில் எப்படி வேணா போகட்டும், என் எலும்பு நீலம் கிடையாது" என்று நான் எழுந்து போய்விட்டேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் குடம் எதுவானாலும் உடைவது நான்தான். இரவுச் சாப்பாட்டுக்குள் அவள் கம்ப்யூட்டரில் அந்த எக்ஸ்ரேயைத் தலைகீழாக்கி, கறுப்பை வெறுமையாக்கி, வெறுமையைக் கறுப்பாக்கி வைத்திருந்தாள். என் சீடன் கெஞ்சிக் கூத்தாடி அதை ஒரே ஒரு ஆஸ்பத்திரி பிலிமில் அடித்துக் கொடுத்தான். மறுநாள் நீல வானத்தில் என் முட்டி வெள்ளையாக மிதந்தது. அது இப்போது ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நிலாவா என்று கேட்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

சரி, முட்டி வந்துவிட்டது, மனிதர் வரவில்லையே! நாங்கள் அடித்த நெகட்டிவை, ஆஸ்பத்திரியிலிருந்து விடைபெறும்போது எனக்குக் கொடுத்த விளக்குப் பெட்டியில், எக்ஸ்ரே மாட்டிப் பார்ப்போமே அதில், மாட்டிப் பார்த்தேன். கறுப்பென்றால் கறுப்பு. அடுப்புக் கரி தோற்றுவிடும். "இதுக்கு மேல கறுப்பு உலகத்துலயே கிடையாது, போடும்மா" என்றேன். போட்டாள். எல்லாம் நீலம். மனிதர் நீலம், கயிறு நீலம், கண்ணாடி நீலம், வெள்ளையாக இருக்கவேண்டிய செய்தித்தாள் முழுக்க நீலம். தண்ணீரில் அலசினால் சாயத் தொட்டி மாதிரி ஓடுகிறது, வெள்ளை மட்டும் வரவில்லை. அவள் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாங்கள் போனில் சொன்னது அவள் காதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் காதிலும் ஓடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தோடு குடும்பம் நடத்தியவள் நான், விளக்குப் பெட்டியில் கண்ணால் பார்த்துவிட்டுக் கறுப்பு என்று சொல்லலாமா? இந்த மருந்தை நீலமாக்குவது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர். அதற்கு நம் பிரிண்டர் மை கறுப்பே இல்லை, அது பாட்டுக்கு ஜன்னல் திரையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போகிறது. கண்ணுக்குக் கறுப்பு, வெயிலுக்குக் கண்ணாடி! ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்தால், அலுமினியத் துண்டுகளைப் படிப்படியாக அடுக்கி ஒரு பிலிம் எடுத்து, எந்தக் கனத்துக்கு எவ்வளவு கறுப்பு விழுகிறது என்று பார்ப்போம். அதையே இங்கே செய்தேன். வெறுமையிலிருந்து முழுக் கறுப்பு வரை படிப்படியாகக் கட்டங்கள் போட்ட ஒரு பட்டையை அடிக்கச் சொல்லி, அதை வெயிலில் காட்டி, எந்தக் கட்டத்தில் நீலம் வெளுக்கிறது, எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று பார்த்தோம். அதை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் படத்தின் கறுப்பு வெள்ளையை எவ்வளவு முறுக்கவேண்டுமோ அவ்வளவு முறுக்கினேன். நடுவில் இருந்த சாம்பல், அரைச் சாம்பல், கால் சாம்பல் என்கிற அரைகுறைகளை எல்லாம் துரத்தினேன். ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெறுமை. நல்ல நெகட்டிவ் அழகாக இருந்தால் சந்தேகப்படவேண்டும் என்பது நான் கண்டுபிடித்த விதி. நான் செய்தது பார்க்கச் சகிக்காது. ஆகவே அது மிக நல்ல நெகட்டிவ்.

இந்தச் சமயத்தில்தான் தங்கள் பார்சல் வந்தது. குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தீர்கள். பிரித்து மேஜையில் போட்டால் பிலிம்கள் எல்லாம் மறுபடி சுருண்டு, குழாய்க்குள் போகத் துடித்தன. கண்ணாடிக்கு அடியில் தட்டையாகக் கிடக்காத நெகட்டிவ் எதற்கு ஆகும்? மெத்தைக்கு அடியில் பரப்பி வைத்து அதன் மேல் நான் படுத்தேன். என் எடை அவற்றைப் பணியவைத்தது. மறுநாள் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். சம்பந்தி அவர்களே, சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவை அழகாகத்தான் இருந்தன. கன்னத்தில் வெளிச்சம் இறங்குகிற இடம், கழுத்துக்குக் கீழே நிழல், எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! அந்த மனிதரின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டீர்கள். கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை எடுத்துவிட்டீர்கள். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்ததை மூடியிருக்கிறீர்கள்! மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவரைப் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஆக்கியிருக்கிறீர்கள். "அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது" என்று பாப்பா சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்தப் பிலிமை எடுத்து வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தாள் போட்டுப் பார்த்தோம். நியாயம் நியாயம்தான், வாய்ப்பே கொடுக்கவில்லை என்று நாளை யாரும் சொல்லக்கூடாது. மூடுபனியில் ஒரு நீல மனிதர் நீலச் செய்தித்தாள் படிப்பதுபோல வந்தது. கறுப்பு பத்தவில்லை. தங்கள் பிலிம்களை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அதோடு தங்கள் அத்தியாயம் முடிந்தது.

வெயில் கொளுத்திய ஒரு நாள், "அத்தை, இன்னிக்கு நானே முழு செட்டும் போட்டுடறேன். நீங்க அந்த முட்டி டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வாங்க, ரொம்ப நாளாச்சு" என்றாள். எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆட்டோ வரைக்கும் வந்து ஏற்றிவிட்டுப் போனாள். அந்த டாக்டர் இருக்கிறாரே, ஒருவர் முட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அடுத்தவர் முட்டி குணமாகிவிடும். நான் திரும்பி வந்தபோது, மாடிக் கொடியில் தாள்கள் வரிசையாகக் கிளிப்பில் தொங்கி, ஈரம் சொட்டச் சொட்ட நீலம் ஏறிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் வெள்ளை! சலவைக்குப் போட்ட வெள்ளை! கயிறு கயிறாக இருந்தது. அந்த மனிதரின் முகத்தில் நெற்றியும் கன்னமும் நிழலும், படிக்கிற கண்ணும், எல்லாம் தனித்தனியாக நின்றன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்து நெடி என்று சொன்னேன், ஆனால் இந்த மருந்துக்கு நெடியே கிடையாது.

திறப்பு நாளன்று நான் காலையிலேயே போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் "யார் பண்ணினது" என்று கேட்டார்கள். "படம் என் மருமகள், நெகட்டிவ் நான்" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குழந்தைகள் அந்த மனிதர் என்ன செய்தி படிக்கிறார் என்று எக்கி எக்கிப் பார்த்தார்கள். கடைசியில் படத்தில் இருப்பவரே வந்தார், கயிறில்லாமல், கதவு வழியாக. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, நான் வேலை நேரத்துல பேப்பர் படிக்கிறதைச் சுவத்துலயே மாட்டி வெச்சிட்டீங்களே, சூப்பர்வைசர் தினமும் இந்த வழியாத்தான் போவாரு" என்றார். சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்று தன் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்போது நம் பெண் முகம் இருந்ததே, அதை எந்த ஸ்டுடியோ விளக்காலும் கொண்டுவர முடியாது, மன்னிக்கவும்.

ஆகவே சம்பந்தி அவர்களே, தங்கள் நிபந்தனைப்படியே படம் சரியாக வந்துவிட்டது. அவள் இங்கேதான் இருப்பாள். இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. தங்கள் மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் வீட்டுக்கு வந்தால் இரண்டு வார்த்தை பேசுவான், அதில் ஒன்று "சாப்பாடு". ஆஸ்பத்திரி வேலையை நான் விட்டு வந்த பிறகு இந்த வீட்டில் நான் பேசினால் பதில் பேச, எதிர்த்துப் பேச, என்னைக் கூப்பிட்டு "அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு பிலிமை நீட்ட அவள் ஒருத்திதான். அவள் தங்கள் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டால் நான் என் முட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும், இப்போது அது சுவரில்வேறு இருக்கிறது. எனக்கு அவள் போகவேண்டாம். அதற்காகத்தான் இரவும் பகலும் அந்தக் கறுப்போடு மல்லுக்கு நின்றேன், போதுமா?

தங்கள் தொழிலும் தங்கள் கையும் மென்மேலும் சிறக்கட்டும், ஆனால் முகங்களோடு நிற்கட்டும். சம்பந்தி அம்மாவின் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டிக்கொள்கிறேன். தங்கள் மாப்பிள்ளை தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னான், அதாவது தலையை ஆட்டினான்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
நெகட்டிவ் இலாகா.

பின்குறிப்பு: மேலே திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதிய பிலிம்கள் இந்த உறையில் இல்லை. தபால்காரர்மேல் சந்தேகப்பட வேண்டாம்.

கடிதத்தை மடிக்கும்போது பாப்பா எழுந்து வந்து, "அப்பாவுக்கா? நானும் ரெண்டு வரி எழுதறேன்" என்று வாங்கிப் படித்தாள். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பிலிம்களைப் போட அலமாரியைத் திறந்தால் உறை காலி. "அதெல்லாம் எங்கிட்ட இருக்கு அத்தை" என்று தன் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். தங்கள் பிலிம் ஒவ்வொன்றின் மேலும் என் பிலிம் ஒவ்வொன்று, விளிம்போடு விளிம்பு வைத்து, மூலையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. "உங்களுதுல கறுப்பு இருந்துது, சாம்பல் இல்ல. முகம் மைக் கறை மாதிரி வந்துது, பேப்பரும் முழுசா வெளுக்கல. அப்பாவோடதுல சாம்பல் எல்லாம் இருந்துது, கறுப்பு பத்தல. தனித்தனியா ரெண்டும் உதவல. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சேன், வெயில் தாண்ட முடியாம நின்னுடுச்சு" என்கிறாள். விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். தாங்கள் மூடிய பட்டனும் நான் விட்டுவைத்த திறந்த பட்டனும் ஒன்றாகத் தெரிகின்றன. நான் அத்தனை பேரிடமும் சொன்னது பாதிப் பொய்யாகிவிட்டது.

எனக்குக் கோபம் வரவேண்டும், தேடிப் பார்த்தேன், வரவில்லை. "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா, பாதிதானேன்னு நீங்களும் விட்டுடுவீங்க, அப்பாவும் விட்டுடுவார். எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றாள். வேறு எழுதித் தருகிறேன், கிழித்துப் போடு என்றாலும் விடவில்லை, இப்படியே அனுப்பவேண்டுமாம்.

நூலகத்தில் எதிர்ச் சுவருக்கும் படம் கேட்டிருக்கிறார்கள். படத்தைப் பாப்பா இன்றே தங்களுக்கு அனுப்புவாள். தயவுசெய்து தங்கள் நெகட்டிவைப் போன தடவை மாதிரியே மோசமாகச் செய்து அனுப்பவும். என்னுடையதும் தேறிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.